சூட்டில் எழுதப்படும் கோப்பு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ வரலாறோ பேசுவதுதான் நம் ஊர் வழக்கம். உள்ளங்கை அகலமுள்ள ஒரு பச்சை அட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது, அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முகம் சுளிக்கவில்லை. அதற்கு முதல் நன்றி.

உட்பொதி கணினிப் போர்டுகளை நீங்கள் தினமும் சந்திக்கிறீர்கள், பார்ப்பதுதான் இல்லை. சுங்கச்சாவடியில் தடுப்பு உயர்வதும், ஏ.டி.எம். பணம் எண்ணுவதும், பேருந்து நிலையத்துப் பலகையில் நேரம் ஓடுவதும், ஆலையில் எந்திரக் கை வளைவதும் ஏதோ ஒரு பெட்டிக்குள் இருக்கும் ஒரு போர்டின் வேலை. மேசைக் கணினிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு வேகமோ விலையோ அல்ல. மேசைக் கணினியின் முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். விசிறி இரைந்தால் கேட்பார், கை வைத்துப் பார்ப்பார், திட்டிக்கொண்டே அணைப்பார். உட்பொதி போர்டின் முன்னால் யாரும் இல்லை. தன் உடல்நிலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய பிறவி அது.

இந்தப் போர்டு ஒன்றை வாங்கப் போனால் முதலில் ஒரு விவரத்தாள் தருவார்கள். அதில் சேமிப்பு இடைமுகம் என்று ஒரு வரி இருக்கும்: சாட்டா இரண்டு, எம்.2 ஒன்று, இஎம்எம்சி 32 ஜிபி என்பது போல. பத்துப் பன்னிரண்டு வரி தள்ளி, பிராசசர் வெப்பப் பாதுகாப்பு என்று இன்னொரு வரி. அதற்கு நேரே பெரும்பாலும் ஒரே சொல்தான்: உண்டு. முதல் வரியை மென்பொருள்காரர் படிப்பார். இரண்டாவதைப் பெட்டி வடிவமைப்பவர் படிப்பார், அல்லது யாருமே படிக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் போர்டுகள் கெட்டுப்போவது இந்த இரண்டு வரிகளுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான். அந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் வெப்பம். 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணைய இதழ் ஒரு சோதனையைப் படமெடுத்து வெளியிட்டது. குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிராசசர் மேல் இருந்த ஹீட் சிங்கைப் பிடுங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4-இல் விளையாட்டு தட்டுத்தடுமாறி, நகர்ந்தும் நகராமலும் ஓடியது. ஹீட் சிங்கைத் திரும்ப வைத்ததும் ஒன்றும் நடக்காததுபோல் பழைய வேகத்துக்கு வந்தது. ஏ.எம்.டி.யின் ஆத்லான் புகைந்து செத்தது. இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. சோதனைக்கு வந்த இன்னொரு பிராசசரான ஆத்லான் எம்.பி.யின் உள்ளே வெப்பத்தை உணரும் டையோடு இருந்தது. அதைப் படித்து, உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு போர்டில் இல்லை. அதுவும் கருகியது. சிப்புக்குள் உணர்வி இருக்கிறது என்ற தகவல், அந்த உணர்வியின் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை ஆகாது. ‘உண்டு’ என்ற ஒற்றைச் சொல் என்னை எரிச்சலூட்டுவதற்குக் காரணம் இதுதான்.

பென்டியம் 4 எப்படித் தப்பியது? சூடு எல்லையைத் தொட்டதும் அதன் உள்ளேயே இருந்த ஒரு சுற்று கடிகாரத் துடிப்பை விட்டுவிட்டு நிறுத்தியது. சற்று நேரம் வேலை, சற்று நேரம் ஓய்வு, நொடிக்குப் பல்லாயிரம் முறை. பின்னால் மடிக்கணினிக்காக வந்த பென்டியம் எம் இன்னும் நயமான வழியைக் கொண்டுவந்தது: துடிப்பை நிறுத்துவதற்குப் பதில் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே இறக்குவது. இது ஏன் மேலானது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். சிப் இயங்கும்போது செலவாகும் திறன், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் இருக்கிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, 1.2 வோல்ட்டை 1 வோல்ட்டாக இறக்கினால், செலவு பழைய அளவில் சுமார் 56 சதவீதமாகிவிடும். வேலையில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து வெப்பத்தில் கிட்டத்தட்ட பாதியைத் தவிர்க்கிறோம். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி வரை எல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் ஓடுகின்றன.

இன்னொரு திறன் செலவும் இருக்கிறது, கசிவு. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் அதன் வழியே கொஞ்சம் மின்னோட்டம் கசியும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும், கசிவு கூடக்கூடச் சூடு ஏறும். வெளியேறும் வெப்பத்தைவிட உள்ளே உண்டாகும் வெப்பம் மிஞ்சிவிட்டால் இந்தச் சுழலுக்கு முடிவு கிடையாது. ஆகவே கடைசி அரண் ஒன்று வேண்டும். இன்டெல் பிராசசர்களில் தெர்ம்டிரிப் என்று ஒரு சமிக்ஞை இருக்கிறது. ஏறத்தாழ 130 டிகிரி அளவில் அது எழும். எழுந்ததும் மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். யாரையும் கேட்காது, எந்தக் கோப்பும் திறந்திருக்கிறதா என்று பார்க்காது. துண்டிக்கும் வேலையைச் செய்வது போர்டு. பிராசசர் கூவும், அவ்வளவுதான்.

ஆக, படிகளை வரிசையாகப் பார்த்தால் இப்படி இருக்கும். முதலில் விசிறி வேகமெடுக்கும், விசிறி இருந்தால். அடுத்து வேகக் குறைப்பு, 100 டிகிரியை ஒட்டி. இந்த இரண்டும் அமைதியான படிகள். அதற்கு மேல் இயங்குதளம் தலையிட வேண்டிய படி. லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு வெப்ப மண்டலத்துக்கும் ‘நெருக்கடி’ என்று ஒரு புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டால் கெர்னல் முறைப்படி மூடச் சொல்லும். நிரல்கள் நிறுத்தப்பட்டு, கோப்பு அமைப்பு மூடப்பட்டு, பிறகு மின்சாரம் போகும். கடைசிப் படி, நான் சொன்ன அந்தத் துண்டிப்பு. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே எத்தனை டிகிரி இருக்கிறது, அந்த டிகிரிகளைக் கடக்க எத்தனை நொடி ஆகும், அந்த நொடிகளுக்குள் கோப்புகள் மூடி முடியுமா? சேமிப்பும் வெப்பமும் சந்திக்கும் இடம் இதுதான். கெர்னலை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். முறைப்படியான மூடல் எங்காவது மாட்டிக்கொண்டால், குறித்த நேரத்துக்குப் பிறகு வலுக்கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடு கெர்னல் அமைப்பிலேயே இருக்கிறது. போர்டுக்கேற்ப அந்த நேரத்தை நிரப்பித் தருபவர்கள் குறைவு.

விசிறி இருந்தால் என்றேன். தூசி பறக்கும் இடத்துக்குப் போகும் போர்டுகளில் விசிறி வைப்பதில்லை. சுழலும் பாகம் எதுவோ அதுதான் முதலில் சாகும் என்பது தொழிலறிவு. அலுமினியப் பெட்டியே ஹீட் சிங்க் ஆகிவிடும். இங்கே ஒரு கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். வெப்பத் தடை என்று ஓர் அளவு உண்டு. ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்று அது சொல்லும். சிப்பிலிருந்து பெட்டிக்குள் இருக்கும் காற்று வரை வாட்டுக்கு 4 டிகிரி என்றும், பிராசசர் 10 வாட் என்றும் வையுங்கள். காற்றைவிடச் சிப் 40 டிகிரி கூடுதலாக இருக்கும். மே மாதம், வெளியே 42 டிகிரி. சாலையோரத்தில் வெயில் நேராக விழும் இரும்புப் பெட்டிக்குள் 55 என்று எடுத்துக்கொள்வது மிகையல்ல. சிப் 95-இல் நிற்கிறது. எல்லைக்கு ஐந்து டிகிரிதான் பாக்கி. இந்த நிலையில் தெர்மல் பேஸ்ட் காய்ந்தாலோ, பெட்டி மேல் யாராவது சுவரொட்டி ஒட்டினாலோ முடிந்தது கதை.

விவரத்தாளில் ‘இயங்கு வெப்பநிலை 0 முதல் 60 டிகிரி’ என்று போட்டிருப்பார்கள். நம்மவர்கள் அதை ஊர் வெப்பநிலையோடு ஒப்பிட்டு, இங்கே எப்போது 60 டிகிரி அடிக்கிறது என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்த 60, போர்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றின் வெப்பநிலை. அடியில் பொடி எழுத்தில், நொடிக்கு இத்தனை மீட்டர் வேகத்தில் காற்று ஓடவேண்டும் என்றும் பலர் போட்டிருப்பார்கள். மூடிய பெட்டிக்குள் காற்று எங்கே ஓடும்?

கையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். மாணவர்கள் பலரிடம் ராஸ்பெரி பை இருக்கும். 2012 பிப்ரவரி 29 அன்று முதல் போர்டு வந்தது. 2018-இல் வந்த 3பி பிளஸ், 60 டிகிரியைத் தொட்டதும் 1.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2-க்கு இறங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. 2019 ஜூனில் வந்த பை 4, 80 டிகிரியில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். வந்த புதிதில் அது சூடாகிறது என்று ஒரே புகார். அடுத்தடுத்த ஃபர்ம்வேர் மாற்றங்களாலேயே சூடு கணிசமாகக் குறைந்தது. போர்டைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தினால் காற்று இருபுறமும் மேலேறி, கூடுதல் நேரம் முழு வேகத்தில் ஓடும் என்பதையும் அப்போதே அளந்து காட்டினார்கள். காசு செலவில்லாத வைத்தியம். 2023-இல் வந்த பை 5-க்கான விசிறி 50 டிகிரியில் சுழலத் தொடங்கி, 60, 67.5, 75 என்று மூன்று படிகளில் வேகமெடுக்கும்.

இந்தப் போர்டில் கட்டுப்பாட்டு நிலையைக் கேட்கும் ஒரு கட்டளை இருக்கிறது. விடை பதினாறு நிலை எண்ணாக வரும். எல்லாம் நலமாக இருந்தால் சுழி. ஒரு நாள் 50005 என்று வருகிறது என்று வையுங்கள். கடைசி இலக்கமான 5-ஐ இருநிலையில் பிரித்தால் இரண்டு பிட்டுகள் எரிகின்றன: இப்போது மின்னழுத்தம் போதவில்லை, இப்போது வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. முதல் இலக்கமான 5-க்கும் அதே பொருள்தான், ஆனால் இறந்தகாலத்தில்: போர்டு எழுந்ததிலிருந்து இப்படி ஒரு முறையாவது நடந்திருக்கிறது. வெறும் 50000 வந்தால், இப்போது ஒன்றுமில்லை, முன்பு ஏதோ நடந்தது என்று அர்த்தம். இந்த இறந்தகாலப் பிட்டுகள் மிக அருமையான யோசனை. நண்பகலில் தவித்த போர்டை மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கும் ஊழியருக்கு, நடந்ததைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டுமல்லவா? ஆனால் போர்டை அணைத்துப் போட்டால் சாட்சி போய்விடும். நம் ஆட்கள் முதலில் செய்வது அணைத்துப் போடுவதுதான்.

மின்னழுத்தப் பிட்டையும் சேர்த்தே பாருங்கள். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது எரியும். மலிவான சார்ஜர், மெலிந்த கேபிள் இரண்டும் சேர்ந்தால் போதும். வேகக் குறைவைச் சூட்டின் தலையில் போட்டு ஹீட் சிங்க் வாங்கிக் குவிப்பவர்களுக்கு இந்த ஒரு பிட் நல்ல பதில் சொல்லும்.

இனிச் சேமிப்பு இடைமுகம். இதன் பழைய வரலாற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொழிலகப் போர்டுகளில் ஐடிஇ இருந்தது. 40 ஊசி, இரண்டு அங்குல அகல ரிப்பன் கேபிள். 1994-இல் சான்டிஸ்க் கொண்டுவந்த காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை ஐடிஇ மொழியையே பேசக்கூடியது. நடுவில் வேறு சிப் எதுவும் தேவையில்லை, ஊசிகளை இணைத்தால் போதும். கேமராக்காரர்கள் கைவிட்ட பிறகும் அது ஆலைகளில் நெடுநாள் வாழ்ந்ததற்கு அதுவே காரணம். 2003-இல் சாட்டா வந்தது. நொடிக்கு 150 எம்பி, பிறகு 300, பிறகு 600. வேகத்தைவிட எங்களுக்குப் பிடித்தது அதன் மெல்லிய கேபிள். பழைய ரிப்பன் பெட்டிக்குள் திரைபோல் தொங்கி, விசிறிக் காற்றை மறித்துக்கொண்டிருந்தது. சேமிப்பு இடைமுகத்தை மாற்றியதால் பிராசசர் குளிர்ந்த கதை அது. இரண்டு வரிகளும் அப்போதே உறவினர்கள்தான்.

இன்று எம்.2 என்னும் பொருத்துவாய்தான் குழப்பத்தின் தலைநகரம். 22 மில்லிமீட்டர் அகலம், நீளம் 42, 60, 80 என்று பல. 2280 என்ற எண்ணுக்குப் பொருள் அவ்வளவுதான். உள்ளே போகும் மின்பாதை சாட்டாவாகவும் இருக்கலாம், பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி ஓடும் என்விஎம்இ ஆகவும் இருக்கலாம். விளிம்பில் உள்ள வெட்டுப் பள்ளம் ஓரளவுக்கு எச்சரிக்கும், முழுதும் எச்சரிக்காது. என்விஎம்இ பாதை மட்டும் உள்ள பொருத்துவாயிலும் சாட்டா எஸ்எஸ்டி அழகாக உட்காரும், திருகும் ஏறும், பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது. இதற்கு அண்ணன் ஒருவன் இருந்தான். எம்சாட்டாவும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸும் ஒரே பொருத்துவாயைப் பயன்படுத்தின, மின்பாதை வேறு. அங்கும் பொருந்தும், வேலை செய்யாது. இன்னொரு சிக்கல்: எம்.2-வில் சாட்டா அட்டையைச் செருகினால், பல போர்டுகளில் வழக்கமான சாட்டா வாய்களில் ஒன்று தானாக இறந்துவிடும், பாதை ஒன்றுதான் என்பதால். கையேட்டின் அடிக்குறிப்பில் இருக்கும். கையேட்டை யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

என்விஎம்இ வேகமானது என்பதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். நொடிக்கு இரண்டு கேபி தரவை எழுதும் வெப்பநிலைப் பதிவுக் கருவிக்கு, நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி வேகம் எதற்கு? வேகமான எஸ்எஸ்டி முழு மூச்சில் ஓடும்போது தானே பல வாட் சூட்டை உமிழும். சாட்டா எஸ்எஸ்டிக்கு அதில் ஒரு பங்கு போதும். விசிறி இல்லாத பெட்டிக்குள் ஒவ்வொரு வாட்டும் பொதுக் கணக்கில்தான் சேரும். எம்.2 அட்டை பெரும்பாலும் பிராசசருக்குப் பக்கத்திலோ போர்டின் அடிப்புறத்தில் அதற்கு நேர் கீழேயோ உட்காருகிறது. பிராசசர் சூடு எஸ்எஸ்டியை ஏற்றும். எஸ்எஸ்டிக்கும் தனக்கென்று வேகக் குறைப்பு உண்டு, 70 டிகிரியை ஒட்டி. மென்பொருள்காரர் பார்ப்பது தரவுத்தளம் மெதுவானதை. அவர் தரவுத்தளத்தைச் சீராக்கப் போய்விடுவார். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மட்டும் மெதுவாகும் ஒரு தரவுத்தளத்தை மூன்று பேர் மாறி மாறிச் சீராக்கினார்கள். பெட்டி மேற்குச் சுவரில் இருந்தது.

இதையெல்லாம்விட ஆழமான சிக்கல், எஸ்எஸ்டிக்கும் இஎம்எம்சிக்கும் எஸ்டி அட்டைக்கும் உள்ளே இருக்கும் ஃபிளாஷின் ஆயுள். தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா எண்பதுகளில் கண்டுபிடித்த இந்த நினைவகம், மின்னணுக்களை ஒரு காப்புப் படலத்தின் வழியே தள்ளிச் சிறைவைக்கிறது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் படலம் சற்றுத் தேய்கிறது. செல்லுக்கு ஒரு பிட் வைத்தால் லட்சம் முறை தாங்கும். இரண்டு, மூன்று பிட் என்று நெருக்கினால் சில ஆயிரம், அதற்கும் குறைவு.

8 ஜிபி சிப், 3,000 முறை தாங்கும் என்று வையுங்கள். மொத்தம் 24,000 ஜிபி எழுதலாம். ஒரு நிரல் நொடிக்கு ஒரு வரி, நூறு பைட், பதிவேட்டில் எழுதி உடனே சேமிக்கச் சொல்கிறது. நாளுக்கு 86,400 வரி, 9 எம்பிகூடக் கிடையாது. ஆனால் ஃபிளாஷ் நூறு பைட்டை எழுதாது. அதன் பக்கம் 16 கேபி என்றால் முழுப் பக்கத்தை எழுதும். நாளுக்கு 1.4 ஜிபி ஆயிற்று. பரவாயில்லை, 47 ஆண்டு வரும். கோப்பு அமைப்பு சும்மா இருக்குமா? வரியோடு சேர்த்து ஜர்னலையும் கோப்பு அட்டவணையையும் எழுதும். நான்கு மடங்கு என்றால் 12 ஆண்டு. வட்டு நிரம்பிக்கொண்டே வந்தால், காலி இடம் திரட்ட ஃபிளாஷின் கட்டுப்படுத்தி பழைய தரவை இடம் மாற்றி மாற்றி எழுதும். அதற்கு மூன்று மடங்கு போடுங்கள். நான்கு ஆண்டு! நாற்பத்தேழு நான்காகக் குறைந்ததற்கு எவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. நொடிக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

இது கரும்பலகைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக் கணினியில் என்விடியா டெக்ரா 3 பிராசசரோடு 8 ஜிபி இஎம்எம்சி இருந்தது. போர்டோடு பற்றவைக்கப்பட்ட சிப், கழற்ற முடியாது. கார் ஓட ஓடப் பதிவேடுகள் அதில் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தன. சில ஆண்டுகளில் சிப் தேய்ந்து திரை இருண்டது. திரையோடு பின்புறக் கேமராவும், கண்ணாடியில் பனிநீக்கும் கட்டுப்பாடும் போயின. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் கடிதம் எழுதியது. பிப்ரவரியில் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. குறைபாடு என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் 64 ஜிபி சிப் வைத்துக் கொடுத்தது. எட்டு மடங்கு இடம் என்றால் தேய்மானமும் எட்டில் ஒரு பங்காகப் பரவும். விலையுயர்ந்த காரின் பின்புறக் கேமராவை, யாரும் படிக்காத ஒரு பதிவேடு அணைத்துவிட்டது.

இந்த இடத்தில் வெப்பம் மறுபடி உள்ளே வருகிறது, சற்று விந்தையான வழியில். சிறைவைத்த மின்னணுக்கள் காலப்போக்கில் தப்பி ஓடும். சூட்டில் வேகமாக ஓடும். இத்துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறைப்படி, சாதாரணப் பயன்பாட்டுக்கான எஸ்எஸ்டி தன் எழுத்து ஆயுளை முடித்த பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வோர் ஐந்து டிகிரிக்கும் இந்தக் காலம் ஏறக்குறையப் பாதியாகும். தேய்ந்த எஸ்எஸ்டி கொண்ட ஒரு போர்டைக் கழற்றி, வெயில் காயும் தகரக் கொட்டகையில் ஆறு மாதம் கிடப்பில் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிடலாம். விந்தை எங்கே என்றால், எழுதும் நேரத்துச் சூடு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சூடான சிப்பில் எழுதிய தரவு, குளிர்ந்த சிப்பில் எழுதியதைவிட நெடுநாள் நிற்கும். சூட்டில் காப்புப் படலத்தின் காயம் ஓரளவு ஆறிவிடுகிறது. குளிரில் எழுதிச் சூட்டில் கிடத்துவதுதான் ஆகக் கெட்ட சேர்க்கை. ஏசி அறையில் மென்பொருளை ஏற்றி, கோடையில் கிடங்கில் அடுக்கிவைக்கும் வழக்கம் நமக்கு உண்டு.

இப்போது முன்பு விட்ட கேள்விக்கு வருகிறேன். 130 டிகிரியில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. அந்த நொடியில் எஸ்எஸ்டி என்ன செய்துகொண்டிருந்தது? கோப்பு அமைப்பின் ஜர்னல், பாதி எழுதிய கோப்பைக் காப்பாற்றும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், எழுதிவிட்டேன் என்று எஸ்எஸ்டி சொன்னது உண்மையாக இருக்கும் வரை. எஸ்எஸ்டிக்குள் எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற வரைபடம் ஒன்று இருக்கிறது. தேய்மானத்தைப் பரப்ப அது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். அது பாதியில் அறுந்தால் நேற்று எழுதியதும் போகலாம், வட்டே எழாமலும் போகலாம். தொழிலக எஸ்எஸ்டிகளில் இதற்காக மின்தேக்கிகளை வரிசையாக வைக்கிறார்கள். மின்சாரம் போன பின், வரைபடத்தை எழுதி முடிக்கச் சில மில்லிநொடிகளைத் தருவதுதான் அவற்றின் வேலை. நாம் வாங்கும் கடைச் சரக்கில் அது இருப்பதில்லை, எஸ்டி அட்டையில் பேச்சே இல்லை. அட்டை கெட்டுவிட்டது என்று ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் பெரும்பகுதி, தேய்மானத்தால் வருவதைவிட இப்படி நடுவில் அறுந்ததால் வருவது என்றே நான் நினைக்கிறேன். இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, மாற்றங்களை நினைவகத்திலும் தரவைத் தனிப் பகுதியிலும் வைத்தால் பாதித் தொல்லை தீரும். செய்ய அரை நாள் போதும்.

அணைந்த போர்டு திரும்ப எழும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. எழும் நேரம்தான் பிராசசர் கடுமையாக உழைக்கும் நேரம். நின்றுபோன போர்டை வெளியிலிருந்து எழுப்பும் வாட்ச்டாக் என்ற தனிச் சுற்று இருந்தால், இன்னும் ஆறாத போர்டு எழும், சூடேறும், விழும், வாட்ச்டாக் மறுபடி எழுப்பும். ஒவ்வொரு விழுதலும் வட்டுக்கு ஓர் அடி. இத்தகைய சுழலின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு பூமியில் நடக்கவில்லை. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, பதினெட்டாம் நாளில் பேச்சை நிறுத்தியது. அதன் 256 எம்பி ஃபிளாஷில் கோப்புகள் குவிந்து, அவற்றின் அட்டவணையை ஏற்ற நினைவகம் போதாமல், கணினி எழுந்து எழுந்து விழுந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட முறை. விழுந்துகொண்டே இருந்ததால் இரவில் உறங்கவும் முடியவில்லை, மின்கலம் வடிந்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழு என்ற ஒரு கட்டளையை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். அதை அனுப்பி எழுப்பி, வேண்டாத கோப்புகளை அழித்து, பிறகு ஃபிளாஷையே ஃபார்மேட் செய்தார்கள். ஊர்தி 2010 வரை பேசியது.

நம் சாலையோரப் பெட்டிக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். கெட்ட வட்டைத் தவிர்த்து, சிறிய இரண்டாம் சேமிப்பிலிருந்து எழும் வழி. ஒரு பயாஸ் சிப், ஓர் இஎம்எம்சி, ஓர் எம்.2 என்று மூன்று இடம் இருக்கும் போர்டுகளில், இஎம்எம்சியை மீட்புக்கென்று விட்டுவைத்தால் போதும். பலர் அதையும் தரவால் நிரப்பிவிடுகிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் எந்தத் தொழிலகப் போர்டின் பயாஸையும் திறந்து, அணைக்கும் வெப்பநிலை என்ற இடத்தைப் பாருங்கள். தேர்வு முடக்கப்பட்டிருந்தால் அதன் பொருள், மென்மையான அணைப்பு கிடையாது, 130 டிகிரிக் கத்தி மட்டும்தான் காவல். அடுத்து, மின்சாரம் திரும்பினால் என்ன செய்வது என்ற இடத்தைப் பாருங்கள். ‘எப்போதும் எழு’ என்று வைத்திருந்தால் கவலையில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெப்பத்தால் அணைந்த போர்டுக்குச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் போகவே இல்லை. போகாத மின்சாரம் எப்படித் திரும்பும்? வெளியிலிருந்து எழுப்பும் வாட்ச்டாக் இல்லையென்றால், விசையை யாராவது அழுத்தும்வரை அது அப்படியே கிடக்கும், விசை எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும். பல போர்டுகளில் நிகழ்நேரக் கடிகாரத்தில் தினமும் ஒரு நேரத்துக்கு எழுப்பும் வசதி இருக்கிறது. அதை அதிகாலை ஐந்துக்கு வையுங்கள். பெட்டி ஆறியிருக்கும், கோப்பு அமைப்பைச் சரிபார்த்து முடிக்க வெயில் ஏறும் முன் நேரமும் இருக்கும்.